ஏழாம் அத்தியாயத்துக்கு நானே சாட்சி

ஜூலை 20, ஞாயிறு

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இன்று எழுதியதையும் சேர்த்து இதுவரை நாற்பத்தொரு புத்தகங்களுக்கு அணிந்துரை எழுதியிருக்கிறேன். அவற்றில் முழுதாகப் படித்தது இரண்டு. இரண்டும் குழந்தைப் பாடல்கள். ஒன்று பதினாறு பக்கம், இன்னொன்றில் பாதி படம்.

இதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். பொருளடக்கத்தைப் பார்ப்பேன். கடைசிப் பக்கத்தைப் பார்ப்பேன். நடுவில் எங்காவது விரலை விட்டு ஒரு வரியைப் பிடிப்பேன். அந்த வரியை மேற்கோள் காட்டிவிட்டால் ஆசிரியர் உருகிப்போவார். சிற்பக்கலை நூல் என்றால் ‘கல் இவரிடம் வாய்விட்டுப் பேசியிருக்கிறது’. மொழி ஆராய்ச்சி என்றால் ‘தமிழுக்கு இன்னொரு அணிகலன்’. கட்டடக்கலைக்கு ‘ஒவ்வொரு பக்கமும் ஒரு செங்கல்’. தன்வரலாறு என்றால் ‘தன்னைத்தானே உரித்துப் போட்டிருக்கிறார்’. ஒருமுறை வாக்கியம் மாறிப்போய், கோயில் தூண்களைப் பற்றி எழுதிய ஒரு பெரியவர் தன்னைத்தானே உரித்துப் போட்டிருப்பதாக எழுதி, அச்சாகியும் விட்டது. அவர் நன்றிக் கடிதம் அனுப்பினார். அவரும் அணிந்துரையைப் படிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

இன்று காலை ‘மாடக்குழி பதிப்பகம்’ நாச்சிமுத்து வந்தான். கலை, மொழி, கட்டடம், சொந்தக் கதை. இந்த நான்கைத் தவிர வேறெதையும் போடமாட்டான். உலகத்தில் விற்காத நான்கையும் இவ்வளவு சரியாக எப்படிப் பொறுக்கினான் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

“அண்ணா, மனோரஞ்சிதம் அம்மா புக்குங்ணா. உங்க வீட்டுக்கே பிளான் போட்டவங்க. நீங்க எழுதுனாத்தான் பொருத்தமா இருக்குமுங்.”

மனோரஞ்சிதம் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. கோயம்புத்தூரில் முக்கால்வாசிப் பணக்காரர்களின் வீடுகளுக்கும், ஏதோ கிரகக் கோளாறில் பதினாலு வருடம் முன்பு வடவள்ளியில் என் வீட்டுக்கும் வரைபடம் போட்டுக் கொடுத்தவர். ‘நான் வரைந்த வாசல்கள்’ என்று தன் கதையை எழுதியிருக்கிறார். பன்னிரண்டு அத்தியாயம், பன்னிரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டையும் கட்டும்போது அந்தக் குடும்பத்துக்குள் என்ன நடந்தது என்பது கதை. சொந்தக்காரர்கள் பெயர் மட்டும் இல்லை. இவ்வளவும் நாச்சிமுத்து வாயால் கேட்டது.

அவன் கொடுத்த அச்சுப்படிக் கட்டை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். பாருங்கள், எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது: ‘கையில் எடுத்த நூலைக் கீழே வைக்க மனமில்லை. இதில் வரும் வீடுகளை அறிவேன். அந்த மனிதர்களையும் அறிவேன். இந்நூலின் ஒவ்வொரு சொல்லுக்கும் நானே சாட்சி.’

சுலோசனா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். சுலோசனா என் மனைவி. அரசுப் பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. உள்ளூர் நாளிதழ் ஒன்றில் பத்தொன்பது வருடமாக வியாழன்தோறும் ‘வியாழன் வம்பு’ எழுதி வருகிறேன். அதில் அவளுக்குப் பெயர் ‘மேலிடம்’. மேலிடம் சொன்னது, மேலிடம் முறைத்தது, மேலிடம் ரசத்தில் உப்புப் போட மறந்தது. எங்கள் பேட்டையில் அவளுடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

“புக்கைப் படிச்சுட்டீங்களா?”

“கீழே வைக்க மனசே வரலை, சுலோசனா.”

அவள் ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். “அதான் மேல வெச்சிருக்கீங்களாக்கும்” என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

அணிந்துரை அனுப்பியாயிற்று. நாச்சிமுத்து தொலைபேசியில், “கண்ணுல தண்ணி வந்துருச்சுங்ணா.” அவனாவது படித்திருக்கிறான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்றைய வம்பு பிரமாதம் என்று ஏழு பேர் அழைத்துச் சொன்னார்கள். மேலிடம் மிக்ஸி மூடியைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டு, கடைசியில் அது ஃப்ரிட்ஜுக்குள் வெண்டைக்காய் மேல் கிடந்த கதை. உண்மையில் மூடியை அங்கே வைத்தவன் நான். கலைஞனுக்கு இந்த அளவு சுதந்திரம் வேண்டும்.

சிலிண்டர் வந்தது. சமையலறைப் பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. பக்கச் சந்தில் திறக்கும். அது வழியாகத்தான் சிலிண்டர் உள்ளே வரும். கூடத்தில் உருட்டினால் தரை வீணாகும்.

ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா. வேட்டியை இஸ்திரிக்குக் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வீட்டுக்கு வந்ததும் வேட்டியைக்கூட மாற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். 

விழா காலை பத்தரைக்கு. மேடையில் ஆறு நாற்காலி, எனக்கு ஐந்தாவது. பொன்னாடை போர்த்தினார்கள். மூன்றாவது வரிசையில் சுலோசனா, பச்சைக் கைத்தறிப் புடவையில். நூலை ஆய்வு செய்து பேசியவர் பேராசிரியர் இன்பவல்லி. இந்த அம்மாள் புத்தகத்தை நிஜமாகவே படித்துவிட்டு வருகிறவர். இப்படிப்பட்டவர்களை மேடையில் ஏற்றவே கூடாது.

முதல் ஆறு வீட்டைச் சொன்னார். தண்ணீர் குடித்தார். பிறகு:

“ஏழாம் அத்தியாயம்தான் இந்நூலின் உயிர். ஊரையே சிரிக்க வைக்கும் ஒரு மனிதர். அவர் வீட்டில் அவர் மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் கட்டடக் கலைஞரைத் தனியே அழைத்து ஒரு கதவு கேட்கிறாள். கணவன் உட்கார்ந்திருக்கும் கூடத்தைத் தாண்டாமல் வெளியேற ஒரு கதவு!”

அரங்கத்தில் ‘ச்சு’ என்று ஓர் ஒலி. நானும் ‘ச்சு’ கொட்டினேன்.

“அவையோரே, அதைவிட என்னை உலுக்கியது இந்நூலின் அணிந்துரை. அந்தக் கணவர் யார் என்று இந்த ஊரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவரே முன்வந்து, ‘ஒவ்வொரு சொல்லுக்கும் நானே சாட்சி’ என்று கையெழுத்திட்டிருக்கிறாரே! தன் வீட்டுக் காயத்துக்குத் தானே சாட்சி சொல்லும் துணிச்சல் எத்தனை ஆண்களுக்கு வரும்?”

முந்நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். கைதட்டல். எழுந்து கும்பிட்டேன். வேறென்ன செய்வது? நாற்பத்தொரு அணிந்துரை எழுதியவனுக்குக் கைதட்டலைக் கேட்டால் கை தானாகக் குவிந்துவிடுகிறது.

கும்பிட்டு முடித்த பிறகுதான் காதில் விழுந்தது மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. மனோரஞ்சிதம் அம்மாவைப் பார்க்கலாம் என்று திரும்பினால், தாமதமாக வந்த தலைமை விருந்தினரை அழைத்துவர வாசலுக்குப் போயிருந்தார். சுலோசனாவைப் பார்த்தேன். கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

பொன்னாடைக்கு அடியில் புத்தகத்தை விரித்தேன். நான் அணிந்துரை எழுதிய நூலை முதல் தடவையாகப் படித்தேன், ஊரறிய, மேடையில். மேற்கே மலை தெரியும் ஒரு வீடு. அந்த மனைவி சமையலறையில் வைத்து மெதுவாகச் சொல்கிறாள்: ‘இங்க ஒரு கதவு வேணுங்க. அவரு கேட்டா, சிலிண்டர் வர்றதுக்குன்னு சொல்லிக்கலாம்.’

சிலிண்டர்.

அதற்குப் பிறகு யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று தெரியாது. நாச்சிமுத்து காதருகே வந்து, “அண்ணா, உங்க மனசு யாருக்கு வருமுங்!” என்றான். திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த சுலோசனா லாலி ரோடு தாண்டியதும்தான் வாயைத் திறந்தாள். 

“தக்காளி வாங்கோணும். நிறுத்துங்க.”

ஆகஸ்ட் 11, திங்கள்

அவள் பள்ளிக்குப் போனதும் கதவை ஆராய்ந்தேன். துப்பறியும் வேலைக்கு என் உடம்பு தோதல்ல. குனிந்தால் நிமிர ஒரு துணை வேண்டும். ஆனாலும் கண்டவை: முன்வாசல் கேட்டின் தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கிறது. பக்கக் கதவின் தாழ்ப்பாள் பளபளவென்று எண்ணெய் போட்டிருக்கிறது. அதன் மிதியடி நடுவில் தேய்ந்து நூல் நூலாகத் தெரிகிறது. சிலிண்டர் மாதத்துக்கு ஒன்று. சிலிண்டருக்குக் கால் கிடையாது.

மத்தியானம் ஒரு முடிவெடுத்தேன். அணிந்துரைக்குச் சன்மானமாக வந்த புத்தகக் கட்டுகள், நாற்பத்தொரு தலைப்பும், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பிரதி. எல்லாவற்றையும் இழுத்து வந்து அந்தக் கதவுக்கு முன்னால் அடுக்கினேன். தமிழ்க் கலை, தமிழ் மொழி, தமிழ்க் கட்டடம் மூன்றும் சேர்ந்து என் இல்லறத்தைக் காக்கட்டும் என்று.

நாலரைக்கு வந்தாள். அடுக்கைப் பார்த்தாள்.

“என்னுங்க இது?”

“கரையான். அந்த அறையில கரையான்.”

“இங்க வெச்சா சிலிண்டர்காரன் எப்படி வருவான்?”

“முன்னால வரட்டும்.”

 புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு கட்டாகத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்தாள். மொத்தம் பத்தொன்பது கட்டு. உதவிக்குப் போகலாமா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் முடித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை வம்பு அனுப்பும் நாள். இந்த வாரம் மேலிடத்தைத் தொடுவதில்லை என்று சபதம். மருதமலை ரோட்டுப் பள்ளங்களைப் பற்றி எழுதி அனுப்பினேன்.

பத்தாவது நிமிடம் உதவி ஆசிரியர்: “சார், பள்ளமெல்லாம் நாங்களே மூணாம் பக்கத்துல போடறோம் சார். மேலிடம் எங்க? மேலிடம் இல்லாம வம்பா?”

மூன்றாவது பத்தியில் மேலிடத்தை ஒரு பள்ளத்தில் இறக்கிவிட்டேன். ஸ்கூட்டரோடு. சிரிப்பு வரும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று பின்தொடர்ந்தேன். ஐம்பத்து நாலு வயதில் சொந்த மனைவியை. எழுதும்போதே காது சூடாகிறது.

அவளுடைய பேருந்து நிறுத்தம் எங்கள் முன்வாசலிலிருந்து நாற்பது அடி. டீக்கடைக்குப் பக்கத்தில். ஏழு ஐம்பதுக்கு அவள் பக்கக் கதவைத் திறந்தாள், சந்தில் இறங்கினாள், மேற்கே திரும்பி நடந்தாள். நான் ஒரு முருங்கை மரத்துக்குப் பின்னால், பிறகு நின்றிருந்த ஒரு மினி லாரிக்குப் பின்னால். சந்து, அடுத்த வீதி, வாய்க்கால் ஓரம், பிள்ளையார் கோயில். பதினைந்து நிமிட நடை. முடிவில் யாரைச் சந்தித்தாள் தெரியுமா? யாரையும் இல்லை. அடுத்த பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். அதே பேருந்து வந்தது. ஏறினாள். போனாள்.

மூச்சு வாங்க நின்றவனை இஸ்திரி வண்டிக்காரம்மா பார்த்துவிட்டார். வேறு வழியின்றிப் பேச்சுக் கொடுத்தேன்.

“டீச்சர் தினமும் இந்த வழியாத்தான் வருவாங்களா?”

“தினமும் எங்கீங்க? வியாழக்கெழம வியாழக்கெழம மட்டுந்தானுங். நான் வண்டி போட்டு ஒம்போது வருசமாச்சு, ஒரு வியாழக்கெழம தப்புனதில்லைங். மழையில கூட வருவாங்கொ.”

வியாழக்கிழமை! அதிர்ந்து போனேன். ரொம்ப நேரம் யோசித்தேன். வியாழன் என்றால் குரு. குரு என்றால் தட்சிணாமூர்த்தி. வழியில் இருக்கும் கோயிலில் தட்சிணாமூர்த்தி சன்னதி உண்டா என்று போய்ப் பார்த்தேன். பிள்ளையார் மட்டும்தான் இருந்தார்.

திரும்பும்போது எங்கள் டீக்கடை வாசலில் ஏழெட்டுப் பேர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். “வாங்க சார்! மேலிடத்தப் பள்ளத்துல இருந்து தூக்கிட்டீங்களா?” என்றார் கடைக்காரர். ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். ஒன்றும் புரியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றிவிட்டுப் பத்து மணிக்கே வந்துவிட்டாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டேன். நார் எடுப்பதற்குப் பதிலாகக் காயையே இரண்டாகக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

“சுலோசனா, ஏழாம் அத்தியாயம் படிச்சியா?”

“ம். நீங்க?”

“நானும்.”

“இப்பவா, எழுதறதுக்கு முன்னாலயா?”

 இருமினேன்.

“அந்தக் கதவு... நீ என்னை விட்டுட்டுப் போறதுக்கா?”

நிமிர்ந்து பார்த்தாள்.  அப்புறம் சிரித்தாள். அவள் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று கணக்கிட முயன்றேன். வரவில்லை.

“விட்டுட்டுப் போறதுன்னா முன்வாசல்ல போவனுங்க. எனக்கென்ன பயம்? ராஜாத்தியாட்டப் போவேன்.”

“அப்புறம் எதுக்கு வியாழக்கிழமை?”

அவள் கை நின்றது. வியாழக்கிழமை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

“வியாழக்கெழம பேப்பர் வருது. முன்னால போனா டீக்கடையில எல்லாரும் படிச்சுட்டு நிக்கறாங்க. ‘என்ன டீச்சர், மிக்ஸி மூடி கெடச்சுதா?’ ‘என்ன டீச்சர், ரசத்துல உப்புப் போட்டீங்களா?’ நானு சிரிக்கோணும். பஸ்ஸு வர்ற வரைக்கும் சிரிச்சுட்டே நிக்கோணும். பஸ்ஸுல ஏறுனா கண்டக்டரும் படிச்சிருப்பான். அடுத்த ஸ்டாப்புல ஏறுனா கூட்டத்துல அவனுக்குத் தெரியாது.”

“இதையெல்லாம் நீ சொல்லவே இல்லையே!”

“எங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஒண்ணு எழுதுனீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?”

இருந்தது. மாமனாரின் பல்செட் டம்ளருக்குள் கிடக்க, நர்ஸ் அதில் காப்பி ஊற்றிவிட்ட கதை. வாசகர் கடிதம் எக்கச்சக்கம். அவ்வளவு கடிதம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

“அடுத்த புதன் அப்பா போயிட்டாரு. எழவுக்கு வந்தவங்க என்னையக் கட்டிப் புடிச்சு அழுதுட்டே, காதுக்குள்ள கேக்கறாங்க, ‘ஏஞ்சாமி, அந்தப் பல்செட்டு நெசமா?’ன்னு.”

அதைப் பற்றி மேலே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். இது என் நாட்குறிப்பு. எதை எழுதுவது என்பது என் இஷ்டம்.

“நான் நிறுத்திடட்டுமா, சுலோசனா? சொல்லு. இன்னிக்கே நிறுத்திடறேன்.”

“அத நானெப்படீங்க சொல்றது? சொன்னா அதையும் எழுதுவீங்க.”

அவரைக்காயை அள்ளி முறத்தில் போட்டாள். எழுந்திருக்கும்போது, வெங்காயம் தீர்ந்துவிட்டது என்று சொல்வது மாதிரிச் சொன்னாள்: “மைசூர்ல நம்ம பாப்பா கூப்பிட்டுட்டே இருக்கறா. போயிட்டு வரலாம்னு இருக்கறனுங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“தெரியலைங்க.”

ஆகஸ்ட் 16, சனி

அவள் அலமாரியைத் திறக்கும் சத்தம் மூன்று தடவை கேட்டது. புடவை எடுக்கத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோபமாக இருக்கும்போது ஒரு மனிதனுக்குக் குறை சொல்ல ஆள் வேண்டும். காலையில் மனோரஞ்சிதம் அம்மா வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் வசனம் தயாரித்தேன். ‘ஒரு குடும்பப் பெண் உங்களை நம்பிச் சொன்னதை...’ என்று ஆரம்பித்து, ‘இதுதான் கலையா?’ என்று முடியும்.

அந்த அம்மாள் பால்கனியில் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். வசனத்தை முழுதாகப் பேசவிட்டார். ஒரு சுளையை எடுத்து நீட்டினார்.

“சென்னியப்பன், அது உங்க வீடு இல்லை.”

“அம்மா, மறைக்காதீங்க. ஊரைச் சிரிக்க வைக்கிறவன், சிலிண்டர், மேற்கே மலை...”

“பொள்ளாச்சி பக்கம். பட்டிமன்றப் பேச்சாளர் ஒருத்தர், இறந்து ஆறு வருஷமாச்சு. அந்தம்மாவைக் கேட்டுத்தான் எழுதினேன். ‘பேச்சால் ஊரைச் சிரிக்க வைப்பவர்’னு முதல் வரியிலேயே போட்டிருக்கேன். பேச்சால்! நீங்க பேச்சாளரா? உங்களுக்கு மைக்கைப் பார்த்தாலே வேர்க்குமே.”

புத்தகத்தைக் கொண்டுவந்து விரலை வைத்துக் காட்டினார். பேச்சால் என்றுதான் இருந்தது. பொன்னாடைக்கு அடியில் அவசரமாகப் படித்ததில் அந்தச் சொல்லைத் தாண்டிவிட்டேன்.

“அப்படின்னா எங்க வீடு எந்த அத்தியாயம்?”

“உங்க வீடு புத்தகத்துல இல்லையே. பன்னிரண்டு வீட்டுல உங்களுது கிடையாது.” கொஞ்சம் தயங்கி, மெதுவாகக் கேட்டார். “நீங்க படிக்கவே இல்லை, இல்லையா?”

சாத்துக்குடிச் சுளை தொண்டையில் நின்றது. அந்த அம்மாள் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார், குழந்தைக்குப் புரையேறினால் தட்டுவது போல.

இருந்தாலும் விடவில்லை. “எங்க வீட்டுல சமையலறைப் பக்கம் அந்தக் கதவை நீங்கதானே வெச்சீங்க? அதையாவது சொல்லுங்க.”

“எந்தக் கதவு?”

உள்ளே போய்ப் பழைய சுருள் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் சாத்துக்குடி வைத்தார். என் வீடு. கூடம், அறை, சமையலறை. சமையலறையின் வடக்கே ஒன்பது அங்குலச் சுவர், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, ஓர் ஓட்டை இல்லாமல்.

“நான் கதவு வரையலையே, சென்னியப்பன். அப்புறமா யாரோ இடிச்சு வெச்சிருக்காங்க.”

யாரோ! என் வீட்டுச் சுவரை, எனக்குத் தெரியாமல்! வீட்டின் முழு உரிமையாளன், தலைவாசலில் பித்தளையில் பெயர் பொறித்தவன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்! நான் ஊரில் இல்லாத சமயம் பார்த்துக் கொத்தனாரை வரவழைத்திருக்கிறாள். வடை மாதிரி வட்டமாக வாயைத் திறந்துகொண்டு ஸ்கூட்டரில் திரும்பினேன். ஒரு பூச்சி உள்ளே போயிற்று.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. அந்த அத்தியாயம் எங்களுடையதல்ல என்றால், வெள்ளிக்கிழமை அவள் சொன்னதை யாரும் புத்தகத்தில் எழுதவில்லை. நான்தான் கேட்டேன். அவள்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து எதுவும் கேட்கவில்லை. அவள் பெட்டிக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வம்பு அனுப்பவில்லை. உதவி ஆசிரியர் நான்கு தடவை அழைத்தார். ஐந்தாவது தடவை, “உடம்பு சரியில்லை” என்றேன்.

“மேலிடம் சமைச்சதைச் சாப்பிட்டீங்களா சார்?”

நானே பத்தொன்பது வருடமாகச் சொல்லிக் கொடுத்த ஜோக். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வெற்றி! பேப்பரில் என் இடத்தில் நூல்கண்டு விளம்பரம். ஒரு வரி வம்பு இல்லை.

ஏழே முக்காலுக்கு சுலோசனா கிளம்பினாள். நான் கூடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சமையலறைப் பக்கம் போகவில்லை. நேராகக் கூடத்தைத் தாண்டி, என்னையும் தாண்டி, முன்வாசல் கேட்டைத் திறந்தாள். துருப்பிடித்த தாழ்ப்பாள் கிரீச்சென்றது. டீக்கடையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. “வாங்க டீச்சர்” என்று மட்டும் யாரோ சொன்னது கேட்டது. அவள் தலையை நிமிர்த்தி நடந்தாள். பச்சைக் கைத்தறிப் புடவை. ராஜாத்தியாட்டம்தான் இருந்தாள். இதைப் பார்க்க எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி! ஒரே வாரத்தில் மனிதன் திருந்த முடியும் என்பதற்கு நானே சாட்சி.

பெட்டி கனமாக இருந்தது. நான் தூக்கி வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

“எப்ப வருவே?”

“போயிட்டுக் கூப்பிடறனுங்க. மாவு அரைச்சு வெச்சிருக்கறேன். மிக்ஸி மூடி மேல் தட்டுல இருக்குது.”

ஆகஸ்ட் 22, வெள்ளி

தோசை. தொலைபேசி இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

தோசை. மகள்தான் பேசினாள். அம்மா தூங்குகிறாளாம். காலை பதினோரு மணிக்கு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாவு புளித்துவிட்டது.

சும்மா உட்கார்ந்திருந்தால் மனசு எங்கெங்கோ போகிறது. அதனால் ஒரு நியாயமான வேலையில் இறங்கினேன். அந்தக் கதவு எப்போது, யாரால், எப்படி எனக்குத் தெரியாமல் வைக்கப்பட்டது என்பதைக் கண்டுபிடித்துவிட வேண்டும். தேதி கிடைத்தால் அவளுக்கே எழுதலாம்: ‘பார், நீயும் என்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறாய். நான் செய்தது தப்புத்தான். ஆனால் தப்பு ஒரு பக்கம் மட்டுமல்ல.’ கணக்கு நேராகும். அவளும் வருவாள்.

வீடு கட்டிய புதிதில் நான் எப்போதெல்லாம் வெளியூர் போனேன்? நினைவில்லை. ஆனால் என் நினைவாற்றலுக்கு ஒரு மாற்று இருக்கிறது: எங்கே போனாலும், எது நடந்தாலும் அதை வம்பில் எழுதிவிடுவேன். அந்தக் காலத்து வம்புகள் என் முதல் தொகுப்பில் இருக்கின்றன. நாச்சிமுத்து என் காலைப் பிடித்துக் கெஞ்சி, நகைச்சுவையையும் சொந்தக் கதைக் கணக்கில் சேர்த்துப் போட்டது. அந்த நூல் வந்து பன்னிரண்டு வருடமாகிறது. மேடையில் வாங்கி, மேடையிலேயே மூடி வைத்ததுதான். அதன் கட்டைப் பிரித்து ஒன்றை உருவித் தூசி தட்டினேன்.

எண்பத்தாறாம் பக்கத்தில் இருக்கிறது. பல்செட் கட்டுரைக்கு மூன்று கட்டுரை தள்ளி. தலைப்பு: ‘மேலிடம் கேட்ட கதவு’.

நான் ஊரில்தான் இருந்திருக்கிறேன். கொத்தனார் சுவரை இடித்த மூன்று நாளும் பக்கத்து அறையில் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தது நானாம். கதவு எங்கே வரவேண்டும் என்று சுவரில் கரித்துண்டால் கட்டம் போட்டுக் காட்டியதும் நான்தானாம். கட்டம் கோணலாக வந்ததைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

எதற்கு இங்கே ஒரு கதவு என்று மேலிடத்திடம் கேட்டேனாம். அவள் சொன்ன பதிலைத்தான் கட்டுரையின் கடைசி வரியாக வைத்திருக்கிறேன், பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி போட்டு: ‘வியாழக்கெழமைக்குங்க.’